சட்டக் கல்லூரியின் மாணவர் மன்றங்கள்: சேர்வதற்கு முன் ஒரு மதிப்புரை

சட்டக் கல்லூரி தன் மாணவர்களுக்கு வழங்கும் சேவைகளுள் மிக அதிகமாக விளம்பரம் செய்யப்படுவதும் மிகக் குறைவாக விசாரிக்கப்படுவதும் மாணவர் மன்றங்களே. நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும், விடுதியில் அறை எப்படி என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பவர்கள்கூட, முதலாண்டின் தொடக்க வாரங்களில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் மூத்த மாணவர் நீட்டும் தாளில் மறுபேச்சின்றிப் பெயரை எழுதிவிடுகிறார்கள். உறுப்பினர் கட்டணம் பெரும்பாலும் பெயரளவுக்குத்தான் இருக்கும் என்பதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது. ஆனால் செலவாவது பணமன்று. மாலை வேளைகளும் வார இறுதிகளும் பருவத்தேர்வுக்கு முந்தைய நாட்களும் அதில் போகின்றன.

ஆகவே இம்மன்றங்களை மதிப்பிட நான் கொள்ளும் அளவுகோல் ஒன்றே: இங்கே மாணவர் எழுதுவதை அல்லது பேசுவதை அவரைவிட அதிகம் அறிந்த ஒருவர் முழுவதுமாகப் படித்து, கேட்டு, எங்கே தவறு என்று சொல்கிறாரா? வகுப்பறையில் அறுபது, எழுபது பேருக்கு நடுவே இது கிடைப்பது அரிது. மன்றத்தில் இது கிடைத்தால் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும்; கிடைக்காவிட்டால், அந்த மன்றத்தின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது பொழுதுபோக்குச் சங்கம்தான்.

இந்த அளவுகோலில் முதலிடம் மாதிரி நீதிமன்றக் குழுவுக்கு, அதாவது மாணவர் பேச்சுவழக்கில் மூட் கோர்ட் என்றே சொல்லப்படும் அமைப்புக்கு. கற்பனையான ஒரு வழக்கின் உண்மைகளைக் கொடுத்து, இரு தரப்புக்கும் எழுத்து வாதங்களைத் தயாரிக்கச் செய்து, பின்னர் நடுவர்கள் முன் நின்று வாதாட வைப்பது இதன் நடைமுறை. சர்வதேசச் சட்டத்துக்கான ஜெசப் மூட் கோர்ட் போட்டியை எடுத்துக்கொள்வோம். சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதியாக 1961 முதல் 1970 வரை இருந்த பிலிப் ஜெசப்பின் பெயரால் அமைந்த இப்போட்டி 1960இல் தொடங்கியது. இரண்டு கற்பனை நாடுகளுக்கிடையே எழும் தகராறுதான் ஒவ்வோர் ஆண்டும் வழக்கு. அணியில் இருவர் முதல் ஐவர் வரை இருக்கலாம்; ஒவ்வொரு தரப்புக்கும் வாதாட 45 நிமிடங்கள். அந்த 45 நிமிடங்களுக்காக மாதக்கணக்கில் ஒப்பந்தங்களையும் முன்தீர்ப்புகளையும் படித்துச் சலிக்க வேண்டியிருக்கிறது.

இதில் சிறப்பான அம்சம் மேடையில் நிகழ்வதன்று. ஒரே வழக்கில் மனுதாரருக்காகவும் எதிர்மனுதாரருக்காகவும் மெமோரியல் எனப்படும் எழுத்து வாதத்தை எழுத வேண்டும் என்ற விதிதான் மாணவரை உண்மையில் மாற்றுகிறது. நேற்றுவரை அசைக்க முடியாதது என்று நினைத்த வாதத்தை இன்று தாமே உடைக்க வேண்டியிருக்கும்போது, எந்த வாக்கியம் சான்றின் மீது நிற்கிறது, எது வெறும் அழுத்தமான சொல்லின் மீது நிற்கிறது என்பது புலப்பட்டுவிடும். தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் முன் தீர்க்கும் நடுவர்தீர்ப்பு முறைக்கென வியன்னாவில் நடைபெறும் வில்லெம் விஸ் போட்டி இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. சரக்கு விற்பனை குறித்த 1980ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையைச் சுற்றியே பெரும்பாலும் வழக்குகள் அமையும் இப்போட்டியில், ஓர் அணி தன் எதிர்வாதத்தை வேறொரு பல்கலைக்கழக அணி எழுதி அனுப்பிய உரைக்குப் பதிலாக எழுத வேண்டும். முகம் தெரியாத ஒருவரின் வாதத்தைப் பொறுமையாகப் படித்து அதன் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ளும் பழக்கம், பாடத்திட்டத்தில் வேறெங்கும் கற்றுத்தரப்படுவதாக எனக்குத் தெரியவில்லை.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. அணித் தேர்வு எந்தக் கல்லூரியிலும் மனத்தாங்கல் இல்லாமல் முடிவதில்லை. பல இடங்களில் ஆங்கிலத்தைத் தடையின்றிப் பேசுபவர் பேச்சாளராகவும், சட்டத்தை ஆழமாக அறிந்தவர் ஆய்வாளராகவும் ஆக்கப்படுகிறார்கள். மேடையும் கோப்பையும் முன்னவருக்கு, நூலகமும் அடிக்குறிப்பும் பின்னவருக்கு. ஆய்வாளராக இருப்பது இழுக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: தொழிலுக்கு வந்தபின் முதல் சில ஆண்டுகள் சீனியரின் அலுவலகத்தில் செய்யப்போவது ஏறத்தாழ அந்த வேலையைத்தான். மற்றொரு குறை செலவு. வெளிநாட்டுச் சுற்றுகளுக்கான பயணத்தைக் கல்லூரி ஏற்காவிட்டால் வசதியுள்ள மாணவர் மட்டுமே அணியில் நிலைக்க முடிகிறது. இதைப் பற்றிக் குழுவின் எழுத்துப்பூர்வமான விதி என்ன என்று சேரும்போதே கேட்பதில் தவறில்லை.

அடுத்தது சட்ட இதழ். மாணவர்களே ஆசிரியர் குழுவாக இருந்து, பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் அனுப்பும் கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்துத் திருத்தும் முறை அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் வேரூன்றியது. 1887இல் தொடங்கிய ஹார்வர்டு சட்ட இதழ் அம்மரபின் முன்னோடிகளுள் ஒன்று. அந்த இதழின் முதல் கறுப்பினத் தலைவராக 1990இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பராக் ஒபாமா. இதனாலேயே இதழ்க் குழுவில் இடம் என்பது ஒரு பட்டம் போலப் பார்க்கப்படுகிறது. அன்றாட வேலையோ பட்டத்துக்கு வெகுதொலைவு. கட்டுரையாளர் மேற்கோள் காட்டிய ஒவ்வொரு தீர்ப்பையும் எடுத்து, அவர் சொல்லும் பக்கத்தில் அவர் சொல்லும் கருத்து இருக்கிறதா என்று சரிபார்ப்பதும், மேற்கோள் முறையின் காற்புள்ளி அரைப்புள்ளி வரை திருத்துவதும்தான் புதிய உறுப்பினரின் பணி. அந்த முறைகளுக்கென 1926இல் முதன்முதலில் வெளிவந்த புளூபுக் என்னும் கையேடு இன்று பல நூறு பக்கங்களாகப் பருத்திருக்கிறது. ஒரு காற்புள்ளிக்காக அதைப் புரட்டிக்கொண்டிருப்பது மனிதனுக்கு ஏற்ற வேலைதானா என்ற ஐயம் எனக்கு இன்றும் தீரவில்லை.

ஆயினும் இப்பணியைப் பரிந்துரைக்கிறேன். மதிப்பு மிக்க ஓர் அறிஞரின் கட்டுரையில், அடிக்குறிப்பில் சுட்டப்பட்ட தீர்ப்பு அவர் சொன்னதற்கு நேர்மாறாக இருப்பதை ஒரு மாணவர் தாமே கண்டுபிடிக்கும்போது, அச்சில் வந்ததெல்லாம் வேதம் என்ற எண்ணம் அவரிடம் நிலைக்காது. இங்கே எச்சரிக்கை ஒன்று தேவைப்படுகிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் இப்போது இணைய இதழ்கள் முளைத்திருக்கின்றன. அவற்றுள் சில, அனுப்பிய கட்டுரையை இரண்டு நாட்களில் ஏற்றுக்கொண்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு, ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் வெளியிட்டுச் சான்றிதழும் அனுப்பிவிடுகின்றன. திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பாத இதழில் பெயர் வருவதால் தன்விவரக் குறிப்பில் ஒரு வரி கூடுமே தவிர வேறு பயனில்லை. இதழ்க் குழுவில் சேருமுன் அதன் கடைசி இதழை எடுத்து ஒரு கட்டுரையின் அடிக்குறிப்புகளில் நான்கைந்தைச் சரிபார்த்தால் போதும். குழுவின் தரம் தெரிந்துவிடும்.

சட்ட உதவி மையத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மற்ற மன்றங்களில் மாணவர் தவறு செய்தால் மதிப்பெண் குறையும். இங்கே தவறு செய்தால் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்ய நேரலாம். மாணவர்கள் நடத்தும் சட்ட உதவி அமைப்புகள் புதியவை அல்ல. ஹார்வர்டின் சட்ட உதவி அமைப்பு 1913இல் தொடங்கியது. 1992இல் நியூயார்க்கின் கார்டோசோ சட்டக் கல்லூரியில் பாரி ஷெக், பீட்டர் நியூஃபெல்டு ஆகிய இருவரும் தொடங்கிய இன்னசென்ஸ் புராஜெக்ட், மாணவர் உழைப்போடு, மரபணுச் சோதனையின் துணையால் தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களை விடுவிக்கும் பணியில் இறங்கி, பின்னர் தனி அமைப்பாக வளர்ந்தது. எல்லாக் கல்லூரி மையங்களும் அந்த உயரத்தை எட்ட வேண்டியதில்லை. வாடகை, ஊதிய நிலுவை, குடும்ப வன்முறை, ஓய்வூதியம் போன்றவற்றில் ஒரு மனுவைத் தெளிவாக எழுதித் தருவதே பெரிய உதவி.

இங்கே மாணவர் கற்பது சட்டத்தைவிடக் கேட்கும் கலையை. வருபவர் தம் கதையைச் சட்டப் பிரிவுகளின் வரிசையில் சொல்லமாட்டார். பத்தாண்டுக்கு முந்தைய மனக்கசப்பில் தொடங்கி, முக்கியமான கடிதம் ஒன்று வந்ததைப் புறப்படும்போது வாசலில் நின்று சொல்வார். குறுக்கிடாமல் கேட்டு, பின்னர் தேதிவாரியாக அடுக்கி, எந்தக் காலவரம்பு எந்த நாளில் முடிகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளும் ஒழுங்கை எந்த விரிவுரையும் தந்துவிடாது. ஆனால் இம்மையத்தின் தரம் முழுவதும் ஒரே ஒரு கேள்வியைப் பொறுத்தது: மாணவர் எழுதிய ஒவ்வொரு தாளையும், அது வெளியே போகுமுன், தகுதி பெற்ற வழக்கறிஞர் ஒருவர் படித்துக் கையொப்பமிடுகிறாரா? ஆம் எனில் கல்லூரியிலேயே சிறந்த அமைப்பு இதுதான் என்பேன். முகாம் என்ற பெயரில் பதாகை கட்டி, துண்டுப் பிரசுரம் விநியோகித்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் மையங்களுக்கு இந்தப் பாராட்டு பொருந்தாது. அவற்றில் உதவி தேடி வந்தவரின் கோப்பு தேர்வு விடுமுறையில் கேட்பாரற்றுக் கிடப்பதைக் கண்டிருக்கிறேன்.

பேச்சுவார்த்தை, சமரசம், கட்சிக்காரருக்கு ஆலோசனை கூறுதல் ஆகியவற்றுக்கான குழுக்கள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. நீதிமன்றம் செல்லாமலே பெரும்பாலான தகராறுகள் முடிகின்றன என்பதால் இவை பயனுள்ளவை. பயிற்சியாளர் நல்லவராக அமைந்தால் சேரலாம். விவாத மன்றம் நாக்கைக் கூர்மையாக்கும். ஆனால் சான்று காட்டாமல் வெல்லும் பழக்கத்தையும் ஏற்படுத்திவிடும் என்பதால் மூட் கோர்ட்டுக்கு மாற்றாக அதைக் கருத வேண்டாம். கலை, விளையாட்டுக் குழுக்களை என் அளவுகோலால் அளப்பது முறையன்று. மூச்சு விடவும் இடம் வேண்டும்.

கருத்தியல் சார்ந்தும் சமூக அடையாளம் சார்ந்தும் அமையும் சங்கங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கறுப்பினச் சட்ட மாணவர்களின் சங்கம் 1968இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஐரோப்பியச் சட்ட மாணவர் சங்கமான எல்சா 1981இல் வியன்னாவில் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் பழமைவாதச் சட்ட வட்டத்தில் பெரும் செல்வாக்குப் பெற்றுள்ள ஃபெடரலிஸ்ட் சொசைட்டி 1982இல் மாணவர் அமைப்பாகவே உருவானது. மாணவராக இருக்கையில் ஏற்படும் இத்தொடர்புகள் பின்னாளில் யார் நீதிபதியாகிறார்கள் என்பதுவரை நீள்வதுண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கோ, எந்த வழக்கறிஞர் அலுவலகத்தில் எப்படிப் பயிற்சி கேட்பது, நேர்காணலுக்கு எதை உடுத்துவது என்பதையெல்லாம் கூச்சமின்றிக் கேட்கக்கூடிய இடம் பெரும்பாலும் இத்தகைய சங்கம் ஒன்றுதான்.

இச்சங்கங்கள் தொடர்பாக ஒரு வழக்கே உண்டு. தன் மத நம்பிக்கையை ஏற்பவர்களுக்கு மட்டுமே வாக்குரிமையுள்ள உறுப்பினராக இடம் என்று சொன்ன கிறிஸ்தவ மாணவர் சங்கம் ஒன்றுக்கு, கலிஃபோர்னியாவின் ஹேஸ்டிங்ஸ் சட்டக் கல்லூரி அங்கீகாரம் மறுத்தது; அங்கீகாரம் பெற்ற மன்றம் எந்த மாணவரையும் சேர்க்க வேண்டும் என்பது கல்லூரியின் விதி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் கல்லூரியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒத்த கருத்துடையோர் கூடும் உரிமை ஒருபுறம், பொது நிதியில் இயங்கும் மன்றம் எவருக்கும் கதவடைக்கக் கூடாது என்ற வாதம் மறுபுறம். எந்தச் சங்கத்தின் விதித்தொகுப்பை எழுத உட்காரும் மாணவரும் முதலில் இத்தீர்ப்பையும், அதற்கு உடன்படாத நீதிபதிகளின் மாறுபட்ட தீர்ப்புரையையும் படிப்பது நல்லது.

நிர்வாகத்தைப் பொறுத்தவரை எல்லா மன்றங்களுக்கும் பொதுவான நோய் ஒன்று உண்டு. பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள். கடந்த ஆண்டின் கோப்புகள், தொடர்புகள், கணக்குகள் எல்லாம் போகிறவரின் மடிக்கணினியோடு போய்விடுகின்றன. புதியவர்கள் மறுபடியும் அகரத்திலிருந்து தொடங்குகிறார்கள். இதோடு பதவிப் பெருக்கமும் சேர்ந்துகொள்கிறது: தலைவர், துணைத் தலைவர், இணைச் செயலர், ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்று இருபது பதவிகள் இருக்க, வேலை செய்பவர் மூவராக இருக்கும் மன்றங்கள் அநேகம். வேலைக்கு எடுப்பவர்கள் இந்தப் பட்டங்களைப் பார்த்து மயங்குவதில்லை. அப்பதவியில் என்ன செய்தீர்கள் என்ற அடுத்த கேள்வியிலேயே உண்மை வெளிப்பட்டுவிடும்.

முதலாண்டில் ஒன்றும், மிஞ்சினால் இரண்டும் போதுமானவை. அவற்றுள் ஒன்றாவது எழுத்துப் பணி உள்ளதாக இருக்கட்டும். பெயர் கொடுப்பதற்கு முன் செயலரிடம் மூன்றைக் கேட்டுப் பெறலாம்: சென்ற ஆண்டு ஓர் உறுப்பினர் எழுதி, திருத்தம் செய்யப்பட்ட ஒரு தாள், வரவுசெலவுக் கணக்கு, பாதியில் விலகிய ஒருவரின் தொடர்பு. முதல் இரண்டைத் தயங்காமல் எடுத்துக் காட்டும் மன்றத்தில் அன்றே சேரலாம். மூன்றாவதையும் தானே முன்வந்து தரும் மன்றம் இருந்தால், அதற்காக இன்னொன்றை விட்டுக்கொடுத்தாலும் நட்டமில்லை.