ஆக்சஸ் குரூப்: பழைய ஆளை வெளியே எடுக்கும் முறை எது?

கொள்முதல் பிரிவில் மூன்று ஆண்டு இருந்தவரைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றுகிறார்கள். புதுப் பிரிவின் ஃபோல்டர் திறக்கவில்லை என்றால் பத்து நிமிடத்தில் ஐடி டீமுக்கு போன் வந்துவிடும். பழைய பிரிவின் ஃபோல்டர் இன்னமும் திறக்கிறது என்று சொல்ல யாரும் போன் செய்வதில்லை. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். ஆனால் பர்சேஸ் ஆர்டர் போடுவதும் அதற்குப் பணம் கொடுக்க ஒப்புதல் தருவதும் இப்போது ஒரே லாகினில் வந்துவிட்டன.

அதனால் பல ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் குரூப்களை, அதாவது எந்த ஃபோல்டர் யாருக்குத் திறக்கும் என்று சொல்லும் பெயர்ப் பட்டியல்களை, ஆட்டோமேட் செய்யும் வழிகளை நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: இடம் மாறியவரை இது பழைய குரூப்பிலிருந்து எடுக்குமா?

பெரும்பாலோர் தொடங்குவது இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்டில். எச்ஆர் சிஸ்டம் தினமும் ஒரு சிஎஸ்வி கோப்பு தரும்; விண்டோஸின் பவர்ஷெல் மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் அதைப் படித்து, லாகின்களும் குரூப்களும் இருக்கும் மைக்ரோசாஃப்ட் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் ஆட்களைச் சேர்க்கும், நீக்கும். தனி லைசென்ஸ் வேண்டாம், எந்த விதியையும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் குரூப்பின் உறுப்பினர் பட்டியலை எல்டாப் (பதிவேட்டிடம் கேள்வி கேட்கும் நெறிமுறை) வழியாக நேரடியாகக் கேட்டால், ஆக்டிவ் டைரக்டரி இயல்பாக ஒரு தடவைக்கு 1500 பேரைத்தான் தரும். மீதியைப் பகுதி பகுதியாகக் கேட்டு வாங்க வேண்டும். இது தெரியாமல் எழுதிய ஸ்கிரிப்ட், சோதனைக்கு வைத்த சின்னக் குரூப்பில் ஒழுங்காக ஓடும். 4000 பேர் உள்ள குரூப்பிலோ மீதி 2500 பேர் அதன் கண்ணில் படவே மாட்டார்கள். எடுக்கப்பட வேண்டியவர் அங்கேயே இருப்பார்; எர்ரரும் வராது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் நேர்மாறாக நடந்தது. ஒருநாள் எச்ஆர் கோப்பு பாதியில் அறுந்து வந்தது. அதில் இல்லாத எல்லோரும் வேலையை விட்டுப் போய்விட்டதாக ஸ்கிரிப்ட் எடுத்துக்கொண்டது. காலையில் பாதி ஆபீசுக்கு எதுவும் திறக்கவில்லை. மதியத்துக்குள் சரி செய்துவிட்டோம். ஆனால் பெரிய தவறு அதற்குப் பிறகு நாங்கள் செய்தது: பயத்தில் நீக்கும் பகுதியை மட்டும் நிறுத்திவைத்தோம். அடுத்த வாரம் போட்டுவிடலாம் என்றது ஓர் ஆண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. ஒரே இரவில் ஒரு குரூப்பில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் வெளியேற வேண்டி வந்தால் ஸ்கிரிப்ட் நின்று ஒரு மனிதரைக் கேட்க வேண்டும் என்று ஒரு தடை போட்டிருந்தால் போதும். நாலு வரி வேலை.

அடுத்தது விதி வழி. மைக்ரோசாஃப்டின் கிளவுட் பதிவேடான என்ட்ரா ஐடியில், 2023 வரை அஸூர் ஆக்டிவ் டைரக்டரி என்று இருந்ததில், டைனமிக் குரூப் என்று உண்டு. பி1 என்ற கட்டண லைசென்ஸ் வேண்டும். துறை கணக்குப் பிரிவு என்று இருப்பவர் எல்லாம் இந்தக் குரூப் என்று விதி எழுதினால், துறை மாறியதும் ஆள் தானாக வெளியே வந்துவிடுவார். கையால் யாரையும் திணிக்கவும் முடியாது. என் கேள்விக்கு இது நேரடியான பதில். பெரிய நிறுவனங்களில் மாற்றம் வந்து சேர 24 மணி நேரம் வரை ஆகலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு: துறை என்ற அந்தக் கட்டத்தைத் திருத்த முடிந்தவர் எவரோ, அவர்தான் இனி குரூப்பின் உண்மையான அட்மின். ஹெல்ப்டெஸ்க்கில் இருக்கும் ஒருவர் தன் துறையைச் சம்பளப் பிரிவு என்று மாற்றிக்கொள்ள முடிந்தால், சம்பளப் பட்டியல் அவருக்குத் திறக்கும். விதி எழுதும் முன் அந்தக் கட்டத்துக்குப் பூட்டுப் போட வேண்டும்.

மூன்றாவது, கெடு வைத்துக் கொடுப்பது. என்ட்ராவின் ஆக்சஸ் பேக்கேஜில் ஊழியர் கேட்பார், மேலாளர் ஒப்புதல் தருவார், குறித்த நாளில் ஆக்சஸ் தானே போய்விடும். சொந்த சர்வரிலேயே ஆக்டிவ் டைரக்டரி வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு: விண்டோஸ் சர்வர் 2016-இலிருந்து ஒருவரைக் குரூப்பில் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் சேர்க்க முடியும். ஃபாரஸ்ட், அதாவது நிறுவனத்தின் ஆக்டிவ் டைரக்டரி அமைப்பு, முழுவதும் 2016 நிலையில் இருக்க வேண்டும். வசதியை ஒருமுறை இயக்கினால் திரும்ப அணைக்க முடியாது. சாதாரணமாக ஒருவரைக் குரூப்பிலிருந்து எடுத்தாலும், காலையில் லாகின் செய்தபோது அவர் வாங்கிய கெர்பரோஸ் டிக்கெட்டில் (அவர் யார், எந்தக் குரூப் என்று சர்வர்களுக்குக் காட்டும் டிஜிட்டல் சீட்டு) பழைய குரூப் இருந்துகொண்டே இருக்கும். அதன் இயல்பான ஆயுள் 10 மணி நேரம். கெடு வைத்துச் சேர்த்தால் டிக்கெட்டின் ஆயுளும் அந்தக் கெடுவுக்குள் சுருங்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இது. பலவீனம் ஒப்புதல் தருபவர்தான். இருநூறு பெயரை ஒரே நாளில் அனுப்பினால் எந்த மேலாளரும் படித்துப் பார்க்க மாட்டார், எல்லாவற்றையும் நீட்டித்துவிடுவார். மாதம் இருபது என்று பிரித்து அனுப்புங்கள்.

பல்கலைக்கழகங்களின் கதை தனி. அங்கே ஒருவரே மாணவர், ஆய்வக உதவியாளர், இரண்டு பாடத்துக்கு ஆசிரியர். துறை என்ற ஒரே கட்டம் அவருக்குப் போதாது. அமெரிக்காவின் இன்டர்நெட்2 அமைப்பிலிருந்து வந்த குரூப்பர் என்ற திறந்த மூல மென்பொருள், குரூப்களைக் கூட்டவும் கழிக்கவும் விடுகிறது: இந்தப் பருவத்தின் மாணவர்கள், அவர்களில் தடை செய்யப்பட்டவர்களைத் தவிர. பருவம் முடிந்ததும் மூலப் பட்டியல் மாறும், ஆக்சஸும் அதோடு மாறும். இதற்கென்றே ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும், அதுதான் செலவு.

கிட் (Git) என்ற, கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் மென்பொருளில் பட்டியல் எழுதி வைப்பது முப்பது இன்ஜினியர்கள் உள்ள டீமுக்குச் சரி, இருபதாயிரம் பேருக்குச் சரிவராது. ஸ்கிம் (SCIM) இந்தப் போட்டியிலேயே இல்லை: 2015-இல் இரண்டாம் பதிப்பு வந்த அந்தத் தரம், எடுத்த முடிவை மற்ற செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும், முடிவை எடுக்காது.

என்னைக் கேட்டால், மெயில், துறை ஃபோல்டர் போன்ற அன்றாட ஆக்சஸுக்கு விதி. பணம், சம்பளம், அட்மின் உரிமை எதுவானாலும் கெடு. லைசென்ஸுக்குக் காசு இல்லையா? சரி, இருக்கும் ஸ்கிரிப்டிலேயே ஒவ்வொரு பெயருக்கும் முடிவுத் தேதி என்று ஒரு பத்தியைச் சேருங்கள். அப்புறம் நிறுத்திவைத்த நீக்கும் பகுதியை, அந்த ஐந்து சதவீதத் தடையோடு, இந்த வாரமே மறுபடி ஓட விடுங்கள்.