இணை வர்ணனையா, ஸ்டுடியோ அலசலா? ஓய்வுபெறும் கால்பந்து வீரர் எதைத் தேர்வது

ஆடி முடித்தவருக்குத் தொலைக்காட்சியில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்: ஆட்டம் நடக்கும்போதே முதன்மை வர்ணனையாளருக்குத் துணையாகப் பேசும் இணை வர்ணனை, அல்லது ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஆட்டத்தை அலசுவது. 2011இல் ஓய்வுபெற்ற இங்கிலாந்து வீரர் கேரி நெவில் ஸ்கை ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியில் இரண்டையும் செய்தார். இன்னொரு முன்னாள் இங்கிலாந்து வீரர் ஆலன் ஷியரரை ரசிகர்கள் அதிகம் பார்த்தது பிபிசி ஸ்டுடியோவில்.

பேசும் நேரம்
வர்ணனை: 90 நிமிடமும் கண் பந்தின் மேல். பேசக் கிடைப்பதோ ரீப்ளே ஓடும் சில விநாடிகள். பந்து மறுபடி ஆட்டத்துக்கு வருமுன் நிறுத்த வேண்டும். இழுத்தால், அடுத்த கோலை முதன்மை வர்ணனையாளர் சொல்லும்போது இரு குரலும் மோதும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.
ஸ்டுடியோ: இடைவேளை 15 நிமிடம். விளம்பரம் போக மிச்சத்தை மற்றவர்களோடு பங்கிட வேண்டும்.

தயாரிப்பு
வர்ணனை: இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் அணிக்கு 11 பேர், 9 மாற்று வீரர்கள், இரு அணிக்கும் ஆக 40 பெயர். சட்டை எண், உச்சரிப்புடன் ஒரே தாளில் எழுதிவையுங்கள்.
ஸ்டுடியோ: மூன்று நான்கு காட்சித் துண்டுகள் போதும். ஒரு துண்டுக்கு ஒரே கருத்து.

தவறினால்
வர்ணனை: சொன்னது சொன்னதுதான். ஆஃப்சைடா என்பதை விஏஆர் (காணொளி பார்த்துச் சரிபார்க்கும் நடுவர்) முடிவுக்கு முன் உறுதியாகச் சொல்லாதீர்கள்.
ஸ்டுடியோ: காட்சியை மறுபடி பார்த்துவிட்டுப் பேசலாம்.

இரண்டிலும், நீங்கள் பேசும்போதே தயாரிப்பாளர் காதில் பேசுவார். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். திரையில் தெரிவதையே திருப்பிச் சொல்லாமல், தடுப்பாட்டக்காரர் ஏன் தவறான பக்கம் திரும்பி நின்றார் என்பதைச் சொல்லுங்கள். முன்னாள் வீரரிடம் ரசிகர் எதிர்பார்ப்பது அதைத்தான்.

சட்டென்று கணித்துச் சுருக்கமாகப் பேசுபவருக்கு வர்ணனை. நிதானமாகப் பிரித்து விளக்குபவருக்கு ஸ்டுடியோ.