வில்லுப்பாட்டு மேடையில் இரண்டு கீபோர்டு: எண்ணா, பெயரா?

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கோயில் கொடை விழா. லினக்ஸ் மடிக்கணினியில் ஒரே மாடல் யுஎஸ்பி இசைக் கீபோர்டு இரண்டு. ஒன்றில் குடம், மற்றதில் ஆர்மோனியம். நடுவில் கரண்டு போய் வந்தது. ஒவ்வொரு ஒலிக் கருவிக்கும் லினக்ஸ் கொடுக்கும் வரிசை எண்ணான கார்டு எண் இடம் மாறியதால் ஆர்மோனியக் கட்டையை அமுக்கினால் குடம் முழங்கியது. பாட்டுக்கார அண்ணாச்சி கையைக் காட்டிப் பாட்டையே நிறுத்திட்டார்.

இதைத் தடுக்க ஒரு வழி, கருவிகளுக்கான இயக்கிகளை ஏற்றும் மோட்ப்ரோப்பின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி, தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் வைத்து ஒவ்வொரு கருவிக்கும் கார்டு எண்ணை ஒதுக்குவது. வெவ்வேறு கருவிகள் என்றால் இதுவே போதும்.

ஆனால் எங்களுடையது இரட்டைப் பிள்ளைகள். இரண்டு கீபோர்டுக்கும் அந்த எண்கள் ஒன்றேதான். எது முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கே முதல் இடம். அங்கே, கருவி செருகப்பட்டதும் என்ன செய்யணும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் யுடெவ் விதிதான் கைகொடுக்கும். அது யுஎஸ்பி துளையின் முகவரியைப் பார்த்து கார்டு ஐடியை, அதாவது கார்டு எண்ணுக்குப் பதிலாகக் கூப்பிடும் சிறு பெயரை, வைக்கும். ‘யுடெவ்அட்ம் இன்ஃபோ’ கட்டளையில் 1-1.2 மாதிரி ஒரு முகவரி கிடைக்கும். அதற்கு நேராகக் குடம் என்று ஆங்கில எழுத்தில் கொடுத்தேன். இடைவெளி கூடாது, 15 எழுத்துக்குள் முடிக்கணும். தயாரிப்பாளர் வைத்த பெயர் மாறாது, ஐடி மட்டுந்தான் மாறும். ஆகவே மென்பொருளில் ஐடியைச் சொல்லியே கூப்பிடணும்.

துளை மாற்றிச் செருகினால் நான் வைத்த ஐடி கீபோர்டோடு சேர்ந்து வராது. அதனால் ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் நிறத் தாள் ஒட்டியிருக்கிறேன். மேடைக்கு யுடெவ்தான் என் தேர்வு.