ரன்-ஃப்ளாட்டா, சாதா டயரா?

பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் வைத்திருப்பவர்களுக்கு, பழைய டயர் தேய்ந்ததும் வரும் முதல் குழப்பம் இதுதான்.

ரன்-ஃப்ளாட்டின் பக்கச்சுவர் தடித்த ரப்பரால் பலப்படுத்தப்பட்டது. காற்று முழுக்கப் போனாலும் காரின் எடையை அதுவே தாங்கும். பொதுவாக மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் 80 கி.மீ. வரை ஓட்டலாம். நள்ளிரவில் உளுந்தூர்பேட்டை பக்கம் பங்சரானால், இருட்டில் ஜாக்கி போடாமல் ஏதாவது ஊர் போய்ச் சேரலாம். பெரிய நிம்மதிதான். ஆனால் அந்தத் தடிமனுக்குத் தினமும் விலை கொடுக்கிறோம். டயரின் எடை கூடுகிறது, சின்னப் பள்ளம்கூட முதுகில் தெரிகிறது. 225/45 ஆர்18 அளவில் பக்கச்சுவரின் உயரமே சுமார் 10 செ.மீ.தான், அதுவும் விறைப்பாக இருந்தால் நம் ஊர் வேகத்தடைகளை என்ன சொல்ல? காற்றில்லாமல் ஓட்டிய டயரைப் பல கடைகளில் பங்சர் ஒட்டித் தரமாட்டார்கள். புதிதுதான் வாங்க வேண்டும்.

மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4 போன்ற சாதா டயருக்கு மாறினால் ஓட்டம் மென்மையாகிறது, பங்சர் ஒட்டுவதும் எளிது. ஆனால் டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பங்சர் கிட்டும் சின்ன கம்ப்ரசரும் கட்டாயம்.

என் ஓட்டு சாதா டயருக்கே. இரவில் தனியாக நெடுந்தூரம் போகிறவரா? சரி, ரன்-ஃப்ளாட்டிலேயே இருங்கள். இரண்டையும் கலந்து மட்டும் போடாதீர்கள். அப்புறம், எதை வாங்கினாலும் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணைப் பாருங்கள்: 2324 என்றால் 2024-ன் 23-வது வாரத்தில் தயாரானது.