கடைசிச் சொல் வரை கேட்கப் பழக்கிய ஒருநாள் பயிலரங்கு

எங்கள் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் 14 பேருக்குச் சென்ற மாதம் ஒருநாள் இம்ப்ரோவ் பயிலரங்கு நடந்தது. கட்டணம் ஒருவருக்கு 2,500 ரூபாய். எழுதி வைத்த வசனம் இல்லாமல் அந்தக் கணத்திலேயே காட்சியை உருவாக்கும் நகைச்சுவை நாடகத்தின் பயிற்சிகளை அலுவலகப் பேச்சுக்குப் பழக்குவதே அதன் நோக்கம். இவை சிரிக்க வைப்பதற்காகத் தோன்றியவை அல்ல. சிகாகோவில் சிறுவர்களோடும் குடியேறியவர்களோடும் பணியாற்றிய வயோலா ஸ்போலின், அவர்கள் தயக்கமின்றிக் கலந்து பழகுவதற்காக அமைத்த விளையாட்டுகளே, பின்னர் அவருடைய மகன் பால் சில்ஸ் வழியாக, 1959இல் தொடங்கிய செகண்ட் சிட்டி என்ற நகைச்சுவை நாடக அரங்குக்கு அடித்தளமாயின.

காலையில் நடந்த ஒரு பயிற்சிக்காகவே கட்டணம் முழுவதையும் கொடுக்கலாம் என்பேன். இருவர் பேச வேண்டும். ஒருவர் முடித்த கடைசிச் சொல்லைக் கொண்டே மற்றவர் தம் வாக்கியத்தைத் தொடங்க வேண்டும். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில்தான் வருகிறது என்பதால், "நாளைக் காலைக்குள் கண்டெய்னரை ஏற்றிவிட முடியும்" என்பதும் "ஏற்றிவிட முடியாது" என்பதும் கடைசிச் சொல் வரை ஒரே வாக்கியமாகத்தான் ஒலிக்கின்றன. கிடங்கு மேற்பார்வையாளர் "ஏற்றிவிட" என்று சொல்லும்போதே நான் குறுக்கிட்டு அடுத்த வேலையைப் பேசத் தொடங்குவது வழக்கம் என்பதும், அவர் சொல்ல வந்த "முடியாது" பலமுறை என் காதில் விழாமலே போயிருக்கிறது என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தன.

"ஆமாம், அதோடு" என்று தொடங்கிப் பேசும் புகழ்பெற்ற பயிற்சியைப் பயிற்றுநர்கள் அவசரமாக முடித்துவிட்டார்கள். எதிரில் இருப்பவர் முன்வைத்ததை உள்வாங்கிக்கொண்டு மேலே கட்டுவது வேறு, அவர் கேட்டதற்கெல்லாம் இசைவது வேறு என்பதை விளக்கியிருக்க வேண்டும். விலைப்பட்டியலில் பிழை இருந்தால் கணக்குப் பிரிவினர் "இல்லை" என்று சொல்லியே ஆக வேண்டுமல்லவா?

என்னை வருத்தியது பிற்பகல் அமர்வு. ஒருவர் அதிகாரம் மிக்கவராகவும் மற்றவர் பணிந்தவராகவும் நடிக்கும், நாடக ஆசிரியர் கீத் ஜான்ஸ்டோன் வளர்த்தெடுத்த உயர்நிலை, தாழ்நிலைப் பயிற்சியில், ஆறு மாதங்களுக்கு முன் சேர்ந்த இளைஞரை எழுப்பி, மேலாளரைக் கண்டிப்பதுபோல் நடிக்கச் சொன்னார்கள். அவர் நாக்கு உலர்ந்து நின்றபோதும் விடாமல் வற்புறுத்தியது தவறு. சம்பள உயர்வைத் தீர்மானிப்பவர் முன்னால் அது ஒருபோதும் வெறும் விளையாட்டாக இருக்க முடியாது. அதைப் பயிற்றுநர்கள் அறிந்திருக்க வேண்டும். அதன் பிறகு மாலை வரை அந்த இளைஞர் ஒரு சொல்லும் பேசவில்லை.

ஆகவே, இந்தப் பயிலரங்கை ஏற்பாடு செய்ய நினைப்பவர்கள், ஒரே நிலையில் பணியாற்றுபவர்களை மட்டும் முதலில் அமர்த்துங்கள். ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். நாங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தைக் கடைசிச் சொல் பயிற்சிக்கு ஒதுக்கியிருக்கிறோம். சென்ற வாரம் கிடங்கிலிருந்து வந்த அழைப்பில் முழு வாக்கியத்தையும் கேட்டேன்; "முடியாது" என்றுதான் முடிந்தது. அன்றே வேறு லாரி ஏற்பாடு செய்துவிட்டோம்.