ஆறு ஆண்டுகளாகக் காதைக் குடையும் இன்ஜெக்டர் சத்தம்

என்னிடம் இருக்கும் எஞ்சினே பொருத்தப்பட்ட கார் ஒன்றைப் பழையதாக வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் சத்தத்துக்காக மூன்றாவது முறையாகப் பட்டறையில் விட்ட வண்டியை அப்போதுதான் எடுத்து வந்திருந்தேன், அதனால் பதில் நீண்டுவிட்டது. நான்கு சிலிண்டர், பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை, ஆறு ஆண்டுகள், 90,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மற்ற விவரங்கள் விளம்பரத் தாளிலேயே இருக்கின்றன.

இந்த வகை எஞ்சின் புதிதாக இருக்கும்போதே டிக் டிக் என்றுதான் அடிக்கும். இதை வண்டி விற்பவர் சொல்வதில்லை. காற்று வரும் குழாயில் பெட்ரோலைத் தெளிக்கும் பழைய முறை இன்ஜெக்டருக்கு 3 அல்லது 4 பார் அழுத்தம் போதும். அதன் சத்தம் பானட்டைத் திறந்தால்தான் கேட்கும். நேரடி இன்ஜெக்டரோ வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலிங்கிலேயே ஏறத்தாழ 50 பார், ஆக்சிலரேட்டரை மிதித்தால் 150, 200 பார் என ஏறும் அழுத்தத்தை எதிர்த்து, வாயை அடைத்திருக்கும் ஊசியைத் தூக்க வேண்டியிருப்பதால், கட்டுப்பாட்டுக் கணினி 65 வோல்ட் அளவுக்கு உயர்த்திய மின்சாரத்தை ஒரு கணம் பாய்ச்சுகிறது. ஊசி மேலே போய் முட்டுகிறது, திரும்பி வந்து தன் இருக்கையில் அடிக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றுச் சுற்றும்போது, அதாவது 800 ஆர்பிஎம்மில், ஓர் இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 400 முறை திறந்து மூடும். நான்கையும் சேர்த்தால் நொடிக்கு ஏறக்குறைய 27 அடி. காலையில் குளிர்ந்த எஞ்சினை எடுத்ததும் முதல் நிமிடத்தில் சத்தம் இன்னும் கூடும், ஏனென்றால் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்குவதற்காக ஆர்பிஎம்மை உயர்த்தி, ஒரே சுற்றுக்கான பெட்ரோலை இரண்டாகப் பிரித்துப் பீய்ச்சுகிறார்கள். இத்தனையையும் நான் ஏற்றுக்கொண்டுதான் ஓட்டினேன்.

என் குறை இது அல்ல. 70,000 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு, அந்தப் பழகிய டிக் டிக்குக்குள் வேறொரு சத்தம் ஒளிந்துகொண்டு வரத் தொடங்கியது. நான்கு அடியில் ஓர் அடி மட்டும் கொஞ்சம் கனத்து, நுனியில் காற்றுக் கலந்தது போல, 'டிக்' என்பதற்குப் பதில் 'சிக்' என்று விழுந்தது. வண்டியில் உட்கார்ந்திருந்த வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

முதல் பட்டறையில், எஞ்சின் வேகத்தோடு சத்தமும் ஏறி இறங்குகிறது, ஆகவே இன்ஜெக்டர்தான், நான்கையும் மாற்ற வேண்டும் என்றார்கள். இந்த வாதத்தில் ஒரு பொருளும் இல்லை. வால்வும் இன்ஜெக்டரும் எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறை வேலை செய்பவை. பெட்ரோலின் அழுத்தத்தை ஏற்றும் ஹைபிரஷர் பம்ப்பை இடிக்கும் கேம் தண்டில் நான்கு மேடு இருந்தால் அதன் அடியும் நொடிக்கு அதே 27தான். வால்வைத் தள்ளும் டேப்பெட் தளர்ந்திருந்தாலும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிந்தாலும் அதே தாளத்தில்தான் அடிக்கும். தாளத்தை மட்டும் வைத்துக் குற்றவாளியைப் பிடிக்க முடியாது. இரண்டாவது பட்டறையில் டாங்க்கில் ஊற்ற ஒரு சுத்திகரிப்புத் திரவம் கொடுத்தார்கள். அடைபட்ட முனையை அது கொஞ்சம் திறந்துவிடக்கூடும் என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் என் 'சிக்' அப்படியே இருந்தது.

இதற்கிடையில் நானே ஒரு சோதனை செய்து பார்த்தேன். இந்த ஆறு ஆண்டில் இந்த வண்டி எனக்குக் கொடுத்த பெரிய மகிழ்ச்சி அதுதான் என்றால் சிரிப்பீர்கள். நீண்ட மதிற்சுவரை ஒட்டிய ஆளில்லாத சாலையில், சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதற்காகக் கண்ணாடியை இறக்கிவிட்டு, மூன்றாம் கியரில் 3,000 ஆர்பிஎம் வரை ஏற்றி, கிளட்சைத் தொடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தேன். அந்த நிலையில் கணினி பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடும். எஞ்சின் சுற்றும், வால்வுகள் அடிக்கும், ஆனால் இன்ஜெக்டர்கள் வாயை மூடிக்கொள்ளும். டிக் டிக் சட்டென்று நின்றது. ஆகவே டேப்பெட் இல்லை, செயின் இல்லை. ஆனால் 'சிக்' முழுவதும் நிற்கவில்லை. மெலிந்து, மூச்சு விடுவது போல ஒரு கீற்று மட்டும் தொடர்ந்தது. வேகம் குறைந்து பெட்ரோல் திரும்ப வந்ததும் இரண்டும் பழையபடி சேர்ந்துகொண்டன. அந்தக் கீற்றுக்கு என்ன பொருள் என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

மூன்றாவது பட்டறையிலிருந்த வயதான மெக்கானிக்கிடம் இதைச் சொன்னபோது அவர் ஸ்கேனரை எடுப்பதற்கு முன் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். அதன் கம்பியை, நான்கு இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ஃபியூயல் ரெயிலில் வைக்கவே இல்லை. ரெயில் நான்கு இன்ஜெக்டரின் சத்தத்தையும் கலந்து கொடுக்கும். காற்று உள்ளே வரும் மேனிஃபோல்டுக்கு அடியில் கையை விட்டு ஒவ்வோர் இன்ஜெக்டரின் உடலிலும், ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் வைத்துக் கேட்டு, மூன்றாவதைத் தொட்டதும் கம்பியை எடுக்காமலேயே என்னிடம் காதுக்குழாயை நீட்டினார். இன்ஜெக்டரின் அடி மற்ற மூன்றைப் போலவே கூர்மையாக இருந்தது. அதன் அடிவாரத்தில்தான் 'சுக், சுக்' என்று காற்று பிதுங்கியது. பிறகு ஸ்கேனரில் மூன்றாம் சிலிண்டரை மட்டும் நிறுத்தினார்; அடி நின்றது, பிதுங்கல் மெலிந்ததே தவிர நிற்கவில்லை. மதிற்சுவர் ஓரத்தில் நான் கேட்டது இதைத்தான். இன்ஜெக்டரில் குறையே இல்லை. அதன் நுனியைச் சுற்றி சிலிண்டரின் அழுத்தத்தைத் தடுத்து நிற்கும் டெஃப்லான் வளையம் கசிந்தது. எரியும்போது பலமாக, வெறுமனே காற்றை அமுக்கும்போது லேசாக.

மேனிஃபோல்டைக் கழற்றியபோது மூன்றாம் இன்ஜெக்டரின் குழியைச் சுற்றி மட்டும் மை தீட்டியது போலக் கரி படிந்திருந்தது. ஒரு முறை வெளியே எடுத்த இன்ஜெக்டருக்குப் பழைய வளையத்தைத் திரும்பப் போடக் கூடாது. புதியதை எண்ணெய் தடவாமல், கூம்பு வடிவக் கருவியில் ஏற்றித் தள்ளி, பிறகு குழலால் அமுக்கி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நான்குக்கும் அப்படித்தான் செய்தார். பைப்பைத் தொடும் முன் ரெயிலின் அழுத்தத்தை இறக்கினார். எஞ்சின் அணைந்த பிறகும் அந்த அழுத்தம் தோலைத் துளைக்கப் போதுமானது என்பதால், வீட்டில் ஸ்பேனரோடு துணிபவர்கள் இதை மறக்க வேண்டாம்.

'சிக்' போய்விட்டது. ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் டிக் டிக் முன்பைவிட உரத்துக் கேட்டது. திரும்பிப் போய் பானட்டைத் திறந்தபோது, ரெயிலின் மேலும் பம்ப்பின் மேலும் போர்த்தியிருக்க வேண்டிய பஞ்சு உறை பணிமேசையில் கிடந்தது. இத்தனை நுணுக்கமாகக் கேட்ட மனிதர் உறையை மறந்தது எனக்கு எரிச்சலையும் ஒருவித ஆறுதலையும் தந்தது.

இந்த எஞ்சின் வழியில் என்னை ஒரு முறையும் நிறுத்தியதில்லை. குறைந்த ஆர்பிஎம்மில் அது இழுக்கும் இழுவைக்கும், பெட்ரோல் குடிக்கும் அளவுக்கும் குறை சொல்ல நா எழாது. இருந்தாலும், ஒரு சிறிய வளையத்துக்காக மேனிஃபோல்டைக் கழற்ற வைக்கும் அமைப்பை நினைத்து, வாங்க வேண்டாம் என்றே நண்பருக்கு எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு, என் வண்டியை விற்பதாக இருந்தால் முதலில் தன்னிடம் சொல்லும்படி பதில் அனுப்பியிருக்கிறார். விற்பதாக இல்லை.