மைக்ரோடிக் ரவுட்டர்: உள்ளூர்க் கணக்கா, ரேடியஸா?

டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபம், அதே ஊரின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து நாலைந்து கிளைகளை நடத்தும் ஒரு கடை, இரண்டு பக்கமும் ஒரே கேள்விதான்: மைக்ரோடிக் நிறுவன ரவுட்டரின் அமைப்புகளுக்குள் யார் நுழையலாம் என்பதை ரவுட்டரிலேயே எழுதிவைப்பதா (உள்ளூர்க் கணக்கு), எல்லா ரவுட்டருக்கும் பொதுவாகப் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரிடம் விடுவதா?

செலவு
உள்ளூர்: ஒன்றுமில்லை. ரீட் (பார்க்க), ரைட் (மாற்ற), ஃபுல் (முழு உரிமை) என்று மூன்று பயனர் குழுக்கள் தயாராகவே இருக்கின்றன.
ரேடியஸ்: மைக்ரோடிக்கின் சொந்த ரேடியஸ் சர்வரான யூசர் மேனேஜர் இலவசம், ஆனால் அது ஓடும் பெட்டி எப்போதும் விழித்திருக்க வேண்டும்.

ஆள் மாறினால்
உள்ளூர்: வேலையை விட்டுப் போனவர் பெயரை ஒவ்வொரு ரவுட்டராகப் போய் நீக்கணும். ஒன்றாவது விட்டுப்போகும், பாருங்கள்.
ரேடியஸ்: ஒரே இடத்தில் நீக்கினால் போதும்.

கரண்ட் போனால்
டர்பனில் இதைத்தான் முதலில் யோசிக்கணும். உள்ளூர்க் கணக்கு ரவுட்டர் எழுந்த உடனே வேலை செய்யும், ரேடியஸ் சர்வருக்கு யூபிஎஸ் இல்லையென்றால் அதிலுள்ள யாருமே உள்ளே போக முடியாது. நல்லவேளை, ரவுட்டர் முதலில் தன் பட்டியலைத்தான் பார்க்கும், பெயர் அங்கே இல்லாவிட்டால்தான் ரேடியஸைக் கேட்கும். அதனால் ரேடியஸ் போட்டாலும் ஒரு ஃபுல் கணக்கை உள்ளூரில் வையுங்கள், தயவுசெய்து ‘அட்மின்’ என்ற பெயரில் வேண்டாம்.

சரி, மண்டபத்துக்கு உள்ளூரே போதும்: செயலாளருக்கு ரீட், பராமரிக்கும் பையனுக்கு ரைட், அதில் புதுப் பயனரைச் சேர்க்க முடியாது என்பது நல்லதுதான். கிளைகள் உள்ள கடைக்கு ரேடியஸ், இயல்புக் குழு (ரேடியஸ் குழு எதையும் சொல்லாதபோது பயனர் சேரும் குழு) ரீட் என்றே இருக்கட்டும்.